ஏறும் முன் ஒரு சுற்று நின்று பாருங்கள்: தலைசுற்றல் உள்ளவர்களுக்கு ஒரு தீம் பார்க் வழிகாட்டி

என் அக்கா மகளுக்கு 6 வயது. போன வருடம் ஒரு பார்க்கில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் கப் அண்ட் சாசரில் ஏற்றினாள். “இது குட்டிப் பசங்க ஏறுறது சித்தி, பயப்படாத” என்று தைரியம் வேறு சொன்னாள். நடுவில் இருந்த வட்டக் கைப்பிடியை அவள் திருகத் திருக, கப் தனியாகச் சுற்றியது. கப்புகள் நின்ற தட்டு இன்னொரு பக்கமாகச் சுற்றியது. ஒரு நிமிடம் தாங்கினேன். இரண்டாவது நிமிடத்தில் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது, நெற்றி வியர்த்தது. இறங்கி வேப்பமரத்தடிக்கு வருவதற்குள் காலையில் சாப்பிட்ட வெண்பொங்கல் வெளியே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அதே பார்க்கில், ‘வந்தது வரட்டும்’ என்று ரோலர் கோஸ்டரில் ஏறினேன். கத்தினேன், கண் கலங்கியது, இறங்கினேன். குமட்டல் துளிகூட இல்லை.

குழந்தைகள் ரைடில் வாந்தி, பெரியவர்கள் அலறும் ரைடில் ஒன்றுமில்லை. இது ஏன் என்று புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. பயமுறுத்தும் ரைடும் தலை சுற்றவைக்கும் ரைடும் வேறு வேறு. எந்த ரைடில் ஏறலாம் என்பதை உயரத்தையோ கூச்சலையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். அது உங்கள் தலையை எந்தத் திசையில், எவ்வளவு நேரம் அசைக்கிறது என்று பாருங்கள்.

காதுக்குள் என்ன நடக்கிறது

ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். டம்ளர் திரும்பும், தண்ணீர் முதலில் நின்ற இடத்திலேயே நிற்கும். தொடர்ந்து சுற்றினால் தண்ணீரும் கூடவே சுற்றத் தொடங்கும். இப்போது டம்ளரை நிறுத்துங்கள். தண்ணீர் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நம் உள்காதில் இப்படித் திரவம் நிரம்பிய அரைவட்டக் குழாய்கள் மூன்று இருக்கின்றன, மூன்றும் மூன்று திசையில். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது இவைதான். ராட்டினம் நின்ற பிறகும் உலகம் சுற்றுவதுபோல் இருப்பது அந்த டம்ளர் தண்ணீர் வேலைதான். இவற்றுக்குப் பக்கத்திலேயே இரண்டு சின்னப் பைகளில் கால்சியம் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே போகிறோமா, கீழே விழுகிறோமா, முன்னே பாய்கிறோமா என்று சொல்வது இவை. கண் ஒரு கதை சொல்லி, காது இன்னொரு கதை சொன்னால் மூளை குழம்பும், குமட்டும். பஸ்ஸில் போன் பார்த்தால் வயிற்றைப் புரட்டுவதும் இதனால்தான். கண் அசையாத எழுத்தைப் பார்க்கிறது, காது வளைவையும் பள்ளத்தையும் உணர்கிறது.

முதலில், உங்களுக்கு இருப்பது எது?

‘தலை சுத்துது’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, பயணக் குமட்டல். ஏற்காடு போகும்போது எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போகிறவர்கள், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டும் முன்பே கவர் கேட்பவர்கள், மின்சார ரயிலில் எதிர்த்திசை பார்த்து உட்கார முடியாதவர்கள். இவர்களுக்கு உடம்பில் நோய் எதுவும் இல்லை, காது கொஞ்சம் கூர்மை, அவ்வளவுதான். ரைடுகளைத் தேர்ந்தெடுத்து ஏறினால் நாளை நன்றாகவே கழிக்கலாம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்தக் குமட்டல் அதிகம் வரும். சிறுவர்களில் 2 வயதிலிருந்து 12 வயது வரை உள்ளவர்களுக்கும் அப்படித்தான்.

இரண்டு, உண்மையான தலைசுற்றல் நோய். சும்மா படுக்கையில் புரண்டாலே அறை சுற்றுகிறது, மேல் தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்க அண்ணாந்தால் கிறுகிறுக்கிறது என்றால், “காதுல கல் நகர்ந்திருக்கு” என்று டாக்டர் சொல்வாரே, அதுவாக இருக்கலாம். மேலே சொன்ன கால்சியம் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுவதுதான் அது. டாக்டர் தலையைக் குறிப்பிட்ட விதமாகத் திருப்பித் திருப்பி அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவார். காதில் இரைச்சலும் அடைப்பும் சேர்ந்து வரும் மெனியர்ஸ் நோயும், ஒற்றைத் தலைவலியோடு வரும் தலைசுற்றலும் இந்த வகையில்தான் சேரும். இதில் எதுவாக இருந்தாலும் டிக்கெட் எடுக்கும் முன் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். சமீபத்தில் கல் நகர்ந்து சரி செய்தவர்கள், தலையை உலுக்கும் ரைடு எதிலும் அவர் சரி என்று சொல்லும்வரை ஏற வேண்டாம்.

மூன்று, உயரத்தைக் கண்டால் பயம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்த்தால் கால் கூசும். இது காது சம்பந்தப்பட்டதல்ல. இவர்களுக்குத் தரையோடு ஓடும் ரைடுகள் எல்லாம் ஓகே, ஜயன்ட் வீல் மட்டும் ஆகாது. பயணக் குமட்டல்காரர்கள் பலருக்கு இது நேர்மாறாக இருக்கும்.

வீட்டில் ஊஞ்சல் இருக்கிறதா? ஐந்து நிமிடம் நிதானமாக ஆடிப் பாருங்கள். அதிலேயே வயிறு ஒரு மாதிரி ஆனால், கீழே கொலம்பஸ், அதாவது ஊஞ்சல் மாதிரி ஆடும் கப்பல் ரைடு, பற்றி எழுதியிருப்பதை இரண்டு தடவை படியுங்கள்.

நேராகப் பெரிய பார்க்குக்குப் போகாதீர்கள்

சென்னையில் ஒத்திகை பார்க்க நல்ல இடங்கள் இருக்கின்றன. மெரினாவில் கையால் தள்ளிச் சுற்றும் சின்ன ராட்டினங்களை விடச் சிறந்த பயிற்சிக்கூடம் கிடையாது. “அண்ணா, போதும்” என்றால் உடனே பிடித்து நிறுத்திவிடுவார். எந்தப் பெரிய பார்க்கிலும் இந்த வசதி இல்லை. பொங்கலையொட்டி தீவுத்திடலில் நடக்கும் பொருட்காட்சியும் நல்லது. அங்கே ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனித்தனி டிக்கெட். ஒன்றில் ஏறிவிட்டு, மிளகாய் பஜ்ஜி பக்கம் போகாமல் வீட்டுக்கு வந்துவிடலாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் விஜிபி, எம்ஜிஎம், 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறந்த வொண்டர்லா போன்ற இடங்களில் நுழைவுக் கட்டணத்திலேயே பெரும்பாலான ரைடுகள் அடங்கிவிடும். இதில் ஒரு சிக்கல், காசு கொடுத்தாச்சே என்ற எண்ணம். அந்த எண்ணத்தோடு ஏறியவர்களைத்தான் மரத்தடி பெஞ்சுகளில் பார்க்கலாம். மொத்த ரைடில் உங்களுக்குத் தேறுவது பாதிதான் என்று முதலிலேயே மனதில் போட்டுக்கொண்டு போங்கள். தண்ணீர் ரைடுகள் நிறைய உள்ள பார்க்காகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் நஷ்டம் குறையும்.

மாத்திரை, சாப்பாடு, வண்டி

பயணக் குமட்டலுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் அவோமின் போன்ற மாத்திரைகள் வேலை செய்யும், ஆனால் ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட்டிருக்க வேண்டும். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் அது இரைப்பையிலேயே கிடக்கும்; சில சமயம் வாந்தியோடு வெளியே வந்துவிடும். இந்த மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். அன்று வண்டி ஓட்டப் போகிறவர் போடக்கூடாது. கர்ப்பிணிகள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. இன்னொன்று: மாமியாருக்குத் தலைசுற்றலுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை வீட்டில் இருக்கிறதே என்று எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். மெனியர்ஸுக்குக் கொடுக்கும் பீட்டாஹிஸ்டினுக்கும் ராட்டினக் குமட்டலுக்கும் சம்பந்தமில்லை.

மாத்திரை பிடிக்காதவர்கள் இஞ்சி மொரப்பா வாங்கி வைத்துக்கொள்ளலாம். எனக்கு ஓரளவு கேட்கிறது. எலுமிச்சம்பழ வாசனை எனக்குப் பள்ளிச் சுற்றுலா பஸ்ஸைத்தான் நினைவுபடுத்துகிறது, அதனால் பலன் தலைகீழ்.

வெறும் வயிற்றில் போனால் வாந்தி வராது என்று சிலர் நினைக்கிறார்கள். வெறும் வயிறு இன்னும் மோசமாகப் புரட்டும். இரண்டு மூன்று இட்லி, சட்னி போதும். வெண்பொங்கல் வேண்டாம் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். பார்க்குக்குள் பிரியாணி சாப்பிட்டால் அடுத்த ஒன்றரை மணி நேரம் நிழலில் உட்காருங்கள். சென்னை வெயிலில் உடம்பில் தண்ணீர் வற்றினாலே தலை கிறுகிறுக்கும். அப்போது தப்பு ராட்டினத்தினுடையதா வெயிலினுடையதா என்று கண்டுபிடிக்க முடியாது. மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் எதையாவது அடிக்கடி குடியுங்கள். மே மாத மதியத்தில் சுழலும் ரைடே வேண்டாம்.

போகும் வண்டியில் முன் சீட் வாங்கிக்கொள்ளுங்கள். வேனின் கடைசி சீட்டில் குலுங்கிக்கொண்டு போய் இறங்கினால், பார்க் வாசலிலேயே பாதி தெம்பு போய்விடும். இறங்கியதும் அரை மணி நேரம் சும்மா நடங்கள்.

ஒரு சுற்று நின்று பார்ப்பது எப்படி

எந்த ரைடாக இருந்தாலும் வரிசையில் சேரும் முன் வேலி ஓரமாக நின்று ஒரு முழுச் சுற்றையும் பாருங்கள். கையில் கடிகாரம் இருக்கட்டும். நான் பார்ப்பது இவை.

சுற்றுகிறதா, நேராக ஓடுகிறதா? சுற்றினால், உட்காரும் இருக்கையும் தனியாகச் சுற்றுகிறதா? சுற்றுக்குள் சுற்று இருந்தால் நான் அங்கேயே திரும்பிவிடுவேன். பிரேக் டான்ஸ், கப் அண்ட் சாசர், சாய்ந்த தட்டில் சுற்றும் டோரா டோரா மாதிரியானவை எல்லாம் இந்த ரகம். உடம்பு ஒரு அச்சில் சுற்றும்போது தலையை இன்னொரு பக்கம் சாய்த்தால், இல்லாத ஒரு மூன்றாவது சுழற்சியைக் காது உணரும். குமட்டலை இதைவிட வேகமாக வரவழைக்கும் விஷயம் குறைவு.

நடுவில் நின்று பின்பக்கமாகச் சுற்றுகிறதா? அப்படியானால் குழாய்த் திரவத்துக்கு இரண்டு தடவை அதிர்ச்சி.

எவ்வளவு நேரம்? ரோலர் கோஸ்டர் சுமார் 2 நிமிடத்தில் முடிந்துவிடும். அதிலும் பாதி மெதுவாக மேலே ஏறுவதிலேயே போய்விடும். சுழலும் ரைடில் ஒவ்வொரு வினாடியும் சுழற்சிதான்.

ஊஞ்சல் மாதிரி ஆடினால், போய்த் திரும்ப எத்தனை வினாடி? கப்பல் குமட்டலை ஆராய்ந்தவர்கள் கண்டது, ஏறத்தாழ 5 வினாடிக்கு ஒரு முறை என்ற நிதானமான ஆட்டம்தான் மனித வயிற்றுக்கு ஆகவே ஆகாதது என்று. மாட்டு வண்டிக் குலுக்கலில் வராத வாந்தி படகில் வருவது அதனால்தான். கொலம்பஸ் கப்பல் ஆடும் வேகமும் கிட்டத்தட்ட அதே கணக்குக்குப் பக்கத்தில் வரும். எண்ணிப் பாருங்கள்.

கடைசியாக, இறங்குகிறவர்களின் முகத்தைப் பாருங்கள். சிரித்துக்கொண்டே வந்தால் சரி. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தால் அதுவும் தகவல்தான்.

எதில் ஏறலாம், எதை விடலாம்

ஜயன்ட் வீல் மெதுவாகச் சுற்றினால் குமட்டல்காரர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவரும். கூண்டு எப்போதும் நிமிர்ந்தே இருக்கும், கண்ணுக்கு அடிவானம் தெரியும். ஆனால் பொருட்காட்சிகளில் சிலர் அதை வேகமாக ஓட்டுவார்கள். இறங்கும் பக்கம் அடிவயிறு ஜிவ்வென்று மேலே வரும். அதையும் நின்று பார்த்துவிட்டே ஏறுங்கள்.

கொலம்பஸில் ஏறியே தீர வேண்டும் என்றால் நடு வரிசை. இரண்டு முனைகளும்தான் அதிகம் உயர்ந்து விழும். நடுவில் ஆட்டம் குறைவு. முனையில் உட்கார்ந்தால்தான் கெத்து என்று கூட வந்தவர்கள் சொல்வார்கள், சொல்லட்டும்.

ரோலர் கோஸ்டரில் முன் பாதி சீட் நல்லது. தடம் கண்ணுக்குத் தெரிவதால் அடுத்த வளைவுக்கு மூளை தயாராகிவிடும். கடைசிப் பெட்டி மேட்டைத் தாண்டும்போது சாட்டை நுனி மாதிரி இழுபடும். இருட்டுக்குள் ஓடும் கோஸ்டரில் தடம் தெரியாது, அதை விட்டுவிடுங்கள். வொண்டர்லாவின் தஞ்சோராவில் தடம் தலைக்கு மேலே, கால் அந்தரத்தில் தொங்கும், தலைகீழாகவும் புரட்டும். முதல் நாள் கோஸ்டராக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தலைகீழாகாத சின்னக் கோஸ்டர் ஒன்றில் நன்றாக இருந்தால் அப்புறம் யோசிக்கலாம்.

நேராக மேலே தூக்கிக் கீழே விடும் கோபுரம், பார்க்கத்தான் பயங்கரம். சுழற்சி இல்லாததால் குமட்டல் எனக்கு வந்ததில்லை. கல் நகர்ந்தவர்களும் கழுத்து வலிக்காரர்களும் மட்டும் தொடக்கூடாது.

டேஷிங் காரில் நீங்களே ஓட்டுங்கள். ஸ்டியரிங் பிடிப்பவருக்குப் பெரும்பாலும் குமட்டுவதில்லை, ஏனென்றால் எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று மூளைக்கு முன்பே தெரியும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் அந்தச் சலுகை இல்லை.

திரை ரைடுகள், அதாவது 5டி தியேட்டர், தலையில் மாட்டும் விஆர் கண்ணாடி, எல்லாம் சாதுவாகத் தெரியும். உடம்பு நாற்காலியிலேயே இருக்கிறது, கண் மட்டும் மலையிலிருந்து விழுகிறது. பலருக்கு இதுதான் முதல் வாந்தி. நல்ல வேளை, இதற்கு மருந்து கையிலேயே இருக்கிறது: கண்ணை மூடினால் ரைடே முடிந்தது.

தண்ணீர்ப் பக்கம் வந்தால், டியூபில் மெதுவாக மிதந்து போகும் லேஸி ரிவரும் திறந்த நேர்ச் சறுக்குகளும் நம்மவர்களுக்கென்றே கட்டியவை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி இறங்கும் சறுக்கில் அடிவானமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. வேவ் பூலில் டியூபில் மிதந்தால் படகுக் கதைதான். ஆழம் குறைந்த இடத்தில் கால் ஊன்றி நில்லுங்கள். யாரும் சொல்லாத ஒன்று: குளிர்ந்த தண்ணீர் காதுக்குள் வேகமாகப் போனாலே சில வினாடி உலகம் சுற்றும். குளிர்ச்சி உள்காதுத் திரவத்தை நகர்த்திவிடுகிறது. காது டாக்டர்கள் இதையே ஒரு பரிசோதனையாகச் செய்வார்கள். அதனால் சறுக்கிலிருந்து விழுந்ததும் தலை சுற்றினால் பதறாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், அடங்கிவிடும். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் தண்ணீர் ரைடுகளையே தவிர்க்க வேண்டும்.

உட்கார்ந்த பிறகு

பின்தலையை இருக்கையில் அழுத்தி வையுங்கள். தலை அசையாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை குறையும். பக்கத்தில் இருப்பவர் அலறினாலும் திரும்பிப் பார்க்காதீர்கள். கோஸ்டரில் தடத்தைப் பாருங்கள். சுழலும் ரைடில் மாட்டிக்கொண்டால் வெளியே ஓடும் மரங்களைப் பார்க்காமல், உங்களோடு சேர்ந்து சுற்றும் ஏதாவதொன்றை, எதிரே இருப்பவரின் சட்டைப் பொத்தானையோ கைப்பிடிக் கம்பியையோ, வெறித்துப் பாருங்கள். மூச்சை நிதானமாக இழுத்து விடுங்கள்.

ஏறும்போதே இயக்குபவரிடம் சொல்லிவையுங்கள்: “அண்ணா, எனக்குத் தலை சுத்தும். முடியலன்னா ரெண்டு கையையும் பெருக்கல் குறி மாதிரி காட்டுறேன், நிறுத்திடுங்க.” வெறுமனே கையை ஆட்டிப் பிரயோஜனமில்லை. ராட்டினத்தில் எல்லாரும் சந்தோஷத்தில் கையை ஆட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். நான் ஒரு தடவை ‘நிறுத்துங்க, நிறுத்துங்க’ என்று ஆட்டியதற்கு அவரும் பதிலுக்குக் கையாட்டினார்.

ஒரு ரைடுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 20, 30 நிமிடம் இடைவெளி விடுங்கள். குமட்டல் கூடிக்கொண்டே போகும் குணமுள்ளது. காலையில் கொஞ்சம், மதியம் கொஞ்சம் என்று சேர்ந்து நாலாவது ரைடில் வெடிக்கும். பழி அந்த நாலாவது ரைடின் மேல் விழும்.

கொட்டாவி, வாயில் எச்சில், குளிர்ந்த வியர்வை. இந்த மூன்றும்தான் முன்னறிவிப்பு. எச்சில் ஊறியதும் விளையாட்டு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு நிழலில் சாய்ந்து உட்காருங்கள். தூரத்தில் அசையாத ஒரு கட்டடத்தைப் பாருங்கள். பிடரியில் ஈரத் துணி போடுங்கள். தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்காமல் வாய் நனையும் அளவு குடியுங்கள். பெரும்பாலும் அரை மணியில் சரியாகிவிடும். அசதியும் தூக்கமும் சாயங்காலம்வரை இருக்கலாம், அதுவும் குமட்டலின் பகுதிதான்.

ஆனால் பேச்சு குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், ஒரு கை காலில் பலம் குறைந்தால், நிற்கவே முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால், இதுவரை வராத கடும் தலைவலியோ கழுத்து வலியோ வந்தால், அது ராட்டினத் தலைசுற்றல் இல்லை. பார்க்கின் முதலுதவி அறைக்கு ஆள் அனுப்பிக்கொண்டே 108க்குப் போன் செய்யுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றே டாக்டரிடம் போங்கள்.

கடைசி ஒரு மணி நேரத்தைத் தரையில் கழியுங்கள். திரும்பும் வழியில் ஓஎம்ஆர் சிக்னல்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொரு பிரேக்குக்கும் வயிறு பதில் சொல்ல வேண்டும். மறுபடியும் முன் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், ஜன்னலை விரல் கடை அளவு திறந்து வையுங்கள். அக்கா மகளுக்குக் கடைசி சீட் போதும். கேளம்பாக்கம் வருவதற்குள் அவள் தூங்கியிருப்பாள்.